பூங்கா, தோட்டம், காடு

யோங் பெங் ஒரு சாலை ஊர். ஜொகூரின் பத்து பகாட் மாவட்டத்தில், சிகாமட் பக்கமிருந்து தெற்கே இறங்கும் பழைய பெருஞ்சாலையும் பத்து பகாட்டிலிருந்து வரும் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெறும்வரை கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியவர்கள் இங்கே இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். இன்றைக்கும் பலர் வண்டியைத் திருப்பி ஊருக்குள் வருவது ஃபூச்சோவ் சீனர்களின் மீன் உருண்டைக்காகத்தான். கடைத்தெருவைத் தாண்டினால் எந்தத் திசையில் போனாலும் ஒரே காட்சி: நிரை பிடித்து நிற்கும் செம்பனை, அங்கங்கே மிச்சமாக நிற்கும் பால்மரம்.

இந்த இரண்டு மரங்களும் இந்த மண்ணில் முளைத்தவை அல்ல. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. பால்மரம் அமேசான் காட்டுக்கு உரியது. இரண்டும் இங்கே வந்த வழியைத் தேடிப் போனால், நாம் போய் நிற்பது காடுகளில் அல்ல, நகரங்களில். ஒன்று ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் நடுவே, ஒன்றேகால் ஹெக்டேருக்கும் குறைவான ஒரு பூங்கா. மற்றொன்று சிங்கப்பூரில் தங்ளின் பகுதியில் இருக்கும் தாவரப் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாய் விரித்து உட்காருகிற அந்தப் பூங்காவுக்கும், பொழுது விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன நம் பாட்டிமாருக்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

தமிழ்ச் சொற்களே இதற்கு நல்ல துப்புக் கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் ‘தோட்டம்’ என்றால் வீட்டுப் பின்புறம், காய்கறிப் பாத்தி, பூச்செடி. மலேசியாவில் ‘தோட்டம்’ என்றால் எஸ்டேட். ‘நான் தோட்டத்தில் பிறந்தவன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் ரோஜாச் செடிகளைப் பற்றிப் பேசவில்லை. அதே தோட்டத்தை, அங்கே வேலை செய்தவர்கள் தமக்குள் பேசும்போது ‘கித்தாக்காடு’ என்றார்கள். ‘கித்தா’ மலாய்மொழியின் ‘கெத்தா’விலிருந்து வந்தது. மலேசியத் தோட்ட வாழ்க்கையை வைத்து அகிலன் எழுதிய நாவலின் பெயரும் ‘பால்மரக் காட்டினிலே’தான். ஆக ஒரே மரத்துக்கு மூன்று முகவரிகள். பூங்காவில் அது பெயர்ப்பலகை மாட்டிய மாதிரி. தோட்டத்தில் அது கணக்கில் ஏறிய சொத்து. காட்டில் அது கூலியும் வியர்வையும். பூங்காவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் முகவரியோடு நின்றுவிடுகிறார்கள். யோங் பெங்கிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மற்ற இரண்டையும் விட்டுவிட முடியாது.

மருந்துக்காக ஒரு மதில்

ஐரோப்பாவின் பழைய தாவரப் பூங்காக்கள் காற்று வாங்குவதற்காக உண்டாக்கப்பட்டவை அல்ல. இத்தாலியின் பாதுவா நகரத்தில் 1545இல் தொடங்கிய பூங்கா, மருத்துவ மாணவர்களுக்கு மூலிகைகளை உயிரோடு காட்டும் பாடசாலை. ஒரு செடியை இன்னொரு செடியென்று நினைத்து நோயாளிக்குக் கொடுத்துவிடுவது அந்நாளில் சாதாரணமாக நடந்தது. அரிய செடிகள் இரவில் திருட்டுப் போனதால், சில ஆண்டுகளுக்குள்ளேயே பூங்காவைச் சுற்றி வட்டமாக மதில் எழுப்பினார்கள். செடி என்பது களவு போகும் அளவுக்கு விலை உள்ள பொருள் என்பதை நகரங்கள் அப்போதே அறிந்துவிட்டன.

ஆம்ஸ்டர்டாம் பூங்காவும் இதே காரணத்துக்காகப் பிறந்ததுதான். கொள்ளைநோய் நகரத்தை வாட்டிப் போன பிறகு, 1638இல் மருத்துவர்களுக்கும் மருந்து தயாரிப்பவர்களுக்கும் பயிற்சி கொடுக்க நகர நிர்வாகம் அதை அமைத்தது. 1682இல் அது இப்போதைய இடத்துக்கு மாறியது. அந்தப் பகுதியின் பெயர் ‘பிளாந்தாஷே’. நடவு செய்த இடம், அதாவது நம் பேச்சில் சொன்னால் ‘தோட்டம்’. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் திரும்பி வரும்போதெல்லாம் மிளகோடும் துணியோடும் செடிகளும் விதைகளும் அங்கே வந்து இறங்கின.

அந்தச் சிறிய இடம் உலகத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்குக் காப்பியே சாட்சி. 1706இல் ஜாவாவிலிருந்து ஒரு காப்பிச் செடி ஆம்ஸ்டர்டாம் வந்தது. அதன் வழிவந்த கன்று ஒன்றை 1714இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அது பாரிஸ் அரசுப் பூங்காவில் வளர்ந்தது. 1720களில் அதன் சந்ததி கரீபியக் கடலின் மார்ட்டினிக் தீவை எட்டியது. அமெரிக்கக் கண்டத்தின் காப்பித் தோட்டங்களில் பெரும் பகுதிக்கு வேர் அங்கேதான். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பூங்காவில் ஒரு கன்று. கடலுக்கு அப்பால் ஒரு தோட்டம். அதற்கு வேறொரு கரையிலிருந்து ஆள். இந்த ஏற்பாடு அப்போதே முழுமையாக உருவாகிவிட்டது.

நான்கு கன்றுகள்

1817இல் டச்சுக்காரர்கள் ஜாவாவில், பொகோர் நகரத்தில், ஆளுநர் மாளிகையை ஒட்டி ஒரு தாவரப் பூங்கா தொடங்கினார்கள். 1848இல் அங்கே நான்கு செம்பனைக் கன்றுகள் வந்தன. இரண்டு இந்தியப் பெருங்கடல் தீவிலிருந்து. இரண்டு ஆம்ஸ்டர்டாம் பூங்காவிலிருந்து. ஆப்பிரிக்க மரம் ஐரோப்பிய நகரத்தின் கண்ணாடி வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஆசியாவுக்கு வந்திருக்கிறது.

அந்த நான்கின் விதைகள் வடசுமத்திராவின் டெலி பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்குப் போயின. அங்கே அவற்றைப் பாதையோரத்தில் அழகுக்காக நட்டார்கள். எண்ணெய்க்காக நட வேண்டும் என்று பல்லாண்டுகள் யாருக்கும் தோன்றவில்லை. அந்த டெலி மரங்களிலிருந்து விதை எடுத்துத்தான் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலாங்கூரில் செம்பனை நடத் தொடங்கினார். 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் எழுந்ததே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். இவர் எழுத்தாளரும்கூட. மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது.

இன்று ஜொகூரில் நிற்கும் செம்பனைகள் ‘தெனெரா’ என்ற கலப்பு வகை. தடித்த ஓடுள்ள ‘தூரா’வும் ஓடே இல்லாத ‘பிசிஃபெரா’வும் கூடினால் மெல்லிய ஓடும் நிறையச் சதையும் உள்ள தெனெரா கிடைக்கும். தென்கிழக்காசியாவில் தாய்மரமாகப் பெரிதும் நிற்பது டெலி தூரா. அதாவது பொகோரின் நான்கு கன்றுகளின் வாரிசு. ஓட்டின் தடிப்பு மெண்டலின் பாரம்பரிய விதிப்படியே அமைகிறது என்பதை 1941இல் பெல்ஜியக் காங்கோவில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். மறக்கப்பட்டுக் கிடந்த மெண்டலின் விதிகளை 1900இல் மீண்டும் வெளிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர் ஹூகோ டி ஃபிரீஸ். அவர் அப்போது ஆம்ஸ்டர்டாம் பூங்காவின் இயக்குநர். கன்றும் அங்கிருந்து வந்தது. பின்னாளில் அந்தக் கன்றின் சந்ததியை மேம்படுத்திய அறிவின் ஓர் இழையும் அங்கிருந்து வந்திருக்கிறது.

தங்ளின் மேட்டில்

சிங்கப்பூரின் முதல் தாவரப் பூங்காவை ராஃபிள்ஸ் 1822இல் இன்றைய ஃபோர்ட் கேன்னிங் குன்றில் தொடங்கினார். கிராம்பும் சாதிக்காயும் பயிரிட்டுப் பார்ப்பதே நோக்கம். பணமில்லாமல் 1829இல் மூடினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1859இல், வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று தங்ளினில் இன்றைய பூங்காவை ஆரம்பித்தது. அந்த நிலம் கைக்கு வர உதவியவர் வாம்போவா என்று அறியப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கே. பூங்காவை வடிவமைத்தவர் லாரன்ஸ் நிவன். அதற்கு முன் அவர் பார்த்த வேலை, பக்கத்துச் சாதிக்காய்த் தோட்டத்தின் மேற்பார்வை. வளைந்து போகும் பாதைகள், பேண்டு வாத்தியம் வாசிக்கும் மேடு, 1866இல் வெட்டிய அன்ன ஏரி எல்லாம் அவர் காலத்தவை. ஆக, சிங்கப்பூரின் பூங்காவுக்கு உருக் கொடுத்த கையும் தோட்டத்துக் கைதான்.

இத்தகைய சங்கங்கள் அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் போன இடமெல்லாம் முளைத்தன. சென்னையில் 1835இலேயே வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கிவிட்டது. கதீட்ரல் சாலையில் அதன் நிலமாக இருந்து, பிறகு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகமாக இருந்த இடத்தில்தான் 2010இல் செம்மொழிப் பூங்கா எழுந்தது. சந்தாக்காரர்களின் சங்கம் பொதுமக்களின் பூங்காவாக மாற, சென்னையில் அந்த மூலைக்கு 175 ஆண்டுகள் ஆயின. சிங்கப்பூரில் கடன் அந்த வேலையை விரைவாக முடித்தது. சங்கம் கடனில் மூழ்க, 1874இல் அரசு பூங்காவை எடுத்துக்கொண்டது.

அரசு எடுத்ததும் நோக்கம் மாறியது. லண்டனின் கியூ பூங்காவில் பயின்ற ஹென்றி மர்ட்டன் 1875இல் பொறுப்பேற்றார். கியூ அந்நாளில் ஒரு தலைமையகம்போல இயங்கியது. இலங்கையின் பேராதனை, கல்கத்தா, சிங்கப்பூர் என்று குடியேற்ற நாடுகளின் பூங்காக்கள் அதன் கிளைகள்போல விதையையும் கடிதத்தையும் பரிமாறிக்கொண்டன. 1879இல் மர்ட்டன் பூங்காவின் வடபுறத்தில் பயிர்ச் சோதனைக்கென்று ‘பொருளாதாரத் தோட்டம்’ ஒன்றைத் தொடங்கினார். பேண்டு வாசிக்கும் மேடு ஒருபுறம். காசுப்பயிர் வளரும் பாத்தி மறுபுறம். பூங்காவுக்குள்ளேயே பூங்காவும் தோட்டமும் அருகருகே இருந்தன.

இருபத்திரண்டு

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்தார். அதைக் களவு என்று சொல்லி வளர்ந்த கதைகள் ஏராளம். அவற்றில் பலவற்றைப் பரப்பியவர் விக்கமே. ரப்பர் விதையை ஏற்றிச் செல்லக் கூடாது என்ற சட்டம் அப்போது பிரேசிலில் இல்லை. ஆனால் விதை போனால் எதை இழப்போம் என்பதை யாரும் அந்த மண்ணின் மக்களிடம் சொல்லிவிட்டு எடுத்துப் போகவும் இல்லை.

ரப்பர் விதை எண்ணெய்ச் சத்துள்ளது, சீக்கிரம் கெட்டுவிடும். எழுபதாயிரத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. பெரும்பகுதிக் கன்றுகளைப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள்; கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் நட்டார்கள். 1877 ஜூனில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சில அங்கேயே நிலைத்தன. சிலவற்றை மர்ட்டன் பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டுபோனார். அங்கே பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்த ரெசிடெண்ட் ஹியூ லோ அவற்றைத் தம் இல்ல வளாகத்தில் நட்டார். அந்தத் தலைமுறையின் மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் வேலி கட்டிப் பாதுகாக்கப்படுகிறது.

இருபது ஆண்டுகள்வரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காப்பி விலை நன்றாக இருந்தது. பலன் தர ஆறேழு ஆண்டு பிடிக்கும் மரத்தை நட எந்தத் துரையும் முன்வரவில்லை. 1888இல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லிதான் அந்தச் சூழ்நிலையை மாற்றினார். போகிற இடமெல்லாம் சட்டைப்பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு போய்த் துரைமாரின் கையில் திணித்தார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். அவர் பேச்சை நம்பி முதலில் பெரிய அளவில் இறங்கியவர் மலாக்காவின் சீன வணிகர் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். காப்பியின் விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியது. அதன் பிறகு யாரும் ரிட்லியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1917 வரையில் பூங்கா கொடுத்த விதை ஏறத்தாழ 70 லட்சம். 1920 வாக்கில் உலக ரப்பரில் சுமார் பாதி மலாயாவிலிருந்து வந்தது.

அமேசானிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்து பார்த்துத் தோற்றார்கள். 1928இல் ஹென்றி ஃபோர்டு தப்பஜோஸ் கரையில் ‘ஃபோர்ட்லாந்தியா’ என்று ஒரு தோட்ட நகரத்தையே கட்டினார். காட்டில் எட்ட எட்ட நின்ற மரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டதும், அந்த மண்ணிலேயே இருந்த இலைக்கருகல் பூஞ்சை மரத்துக்கு மரம் தாவி எல்லாவற்றையும் மொட்டையடித்தது. கியூ வழியாக ஆசியாவுக்கு வந்த கன்றுகளோடு அந்த நோய் வரவில்லை. யோங் பெங் பக்கம் நிரை நிரையாக மரம் நின்றதற்கு ஒரு காரணம், அதன் பழைய எதிரி கடலுக்கு அப்பால் தங்கிவிட்டதுதான்.

காயத்தின் கணக்கு

ரிட்லி விதையோடு நிற்கவில்லை. அமேசானில் பால் எடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தை அங்கங்கே கொத்தினார்கள். மரம் காயம்பட்டு நலிந்தது. பொருளாதாரத் தோட்டத்தின் மரங்களை வைத்துப் பல ஆண்டுகள் ரிட்லி சோதனை செய்தார். பட்டையின் மேல் சாய்வாக வெட்டி, அதே வெட்டின் விளிம்பை அடுத்தடுத்து மெல்லிய சீவலாகச் சீவி வந்தால், பால் குறைவதற்குப் பதிலாக முதல் சில நாட்களில் கூடுகிறது என்று கண்டார். நடுவே ஒரு கோடு, இருபுறமும் சாய்ந்த வெட்டுகள் என்று மீன்முள் வடிவில் வெட்டும் முறை அங்கிருந்து பரவியது. விடியற்காலையில் பால் நன்றாக இறங்கும் என்பதையும் கணக்கெடுத்துக் காட்டினார். வெயில் ஏறினால் மரம் இலை வழியே நீரை இழக்கும். உள்ளே அழுத்தம் குறையும். பால் சீக்கிரம் நின்றுவிடும்.

ஒரு தாவரவியலாளரின் குறிப்பேட்டில் சில வரிகள். தோட்டத்தில் அவை மனிதர்களின் நாளையே மாற்றி எழுதின. ‘காலையில் பால் இறங்கும்’ என்ற உண்மை, நாலரை மணிக்குத் தட்டும் தண்டவாளத் துண்டாகவும், இருட்டில் ஆள் எண்ணும் பெரட்டுக்களமாகவும், ஆயக்கொட்டகையில் தூக்கத்தோடு விடப்படும் பிள்ளையாகவும் ஆனது. ‘மெல்லிய சீவல்’ என்ற உண்மை, உளி பிடித்த கையின் நுட்பமானது. பட்டைக்குள் பால் நாளங்கள் இருக்கும் அடுக்குக்கும் மரத்தை வளர்க்கும் உயிர்ப்படலத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இடம். உளி ஆழம் போதாவிட்டால் மங்கு என்ற கிண்ணத்தில் பால் விழாது. ஆழம் மிஞ்சினால் மரத்தில் காயம் விழும். மேற்பார்வை பார்க்கும் கங்காணி வருவார், கணக்கரான கிராணி கணக்கில் பிடிப்பார். ஒரு நிரைக்கு நானூறு, ஐந்நூறு மரம். அந்த ஒரு மில்லிமீட்டரை இருட்டில், கொசுக்கடியில், ஐந்நூறு முறை தப்பாமல் தொட்ட அறிவுக்கு எந்தப் பட்டமும் கிடையாது. ஆனால் ரிட்லியின் கண்டுபிடிப்பு காசானது அந்தக் கைகளில்தான்.

அந்தக் கைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. தோட்டத் துரைமாரிடம் கட்டணம் வசூலித்து ஆள் கொண்டுவரும் செலவைப் பார்த்துக்கொள்ளும் குடியேற்ற நிதி 1907இல் அமைந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வர, கங்காணி முறை முன்னுக்கு வந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணியே தம் ஊருக்குப் போய் உறவிலும் தெருவிலும் ஆள் சேர்த்தார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்; கப்பல்; பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல்; பிறகு தோட்டத்து வரிசை வீடான லயம். கூட்டி வந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. 1920களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் கூலியும் விழுந்தது. பல்லாயிரம் பேரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசு தடை போட்டதோடு கங்காணி வழி நின்றது.

ஜொகூருக்கு இந்த மரம் சற்றுப் பிந்தியே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஆற்றோரங்களில் சீனர்களின் மிளகும் கம்பீரும்தான் பயிர். காங்சூ எனப்பட்ட ஆற்றுத் தலைவர்களிடம் சுல்தான் உரிமை கொடுத்து நடத்திய ஏற்பாடு 1917இல் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, 1909இல், ஜொகூரைக் கடந்து ரயில் பாதை திறந்துவிட்டது. சிகாமட், லாபிஸ், குளுவாங் என்று ரயில் போன வழியெல்லாம் உட்காடு அழிந்து ரப்பர் ஏறியது. ரயில் வராத யோங் பெங், சாலையை நம்பி வளர்ந்தது. இந்தப் பக்கத்துப் பால்மரத்தில் சீனர்களின் சிறு காணியும் உண்டு, கம்பெனிகளின் பெருந்தோட்டமும் உண்டு. தமிழர்கள் பெரும்பாலும் இரண்டாவதில் இருந்தார்கள். லயமும் மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அதற்குள்ளேயே அடங்கின.

வண்டு வந்த கதை

பால்மரத்தைச் செம்பனை வென்றது 1960களுக்குப் பிறகு. செயற்கை ரப்பரின் போட்டியால் விலை நிலைக்கவில்லை. அரசும் கம்பெனிகளும் மறுநடவில் செம்பனையைத் தேர்ந்தன. தோட்டப் பெண்களுக்கு அது ஒரு புதிய வேலையைக் கொடுத்தது: செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூள் அடிப்பது. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தபோது, அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டு கூட வரவில்லை. அந்த வண்டு செய்ய வேண்டியதை மனிதக் கைகள் செய்தன. 1981இல், யோங் பெங்குக்குப் பக்கத்து மாவட்டமான குளுவாங்கில், பாமோல் தோட்டத்தில் கேமரூன் நாட்டு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகியதும் காய்ப்பு கூடியது. தூள் அடிக்கும் வேலை இல்லாமல் போனது. பூங்காக்கள் மரத்தைத் தனியே பிரித்துக் கொண்டுவந்தன. அந்த மரம் காட்டில் விட்டுவிட்டு வந்த உறவுகளின் இடத்தில் மனிதர்களை நிறுத்தினார்கள். உறவு வந்து சேர்ந்ததும் மனிதர்களை விலக்கினார்கள்.

மரத்தோடு மனிதர்களையும் மாற்றும் இந்தப் பழக்கத்தை எதிர்த்து ஒரு முயற்சி நடந்தது. விடுதலைக்குப் பிறகு துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, லயத்தில் இருந்தவர்கள் ஒரே நாளில் வீடும் வேலையும் இழந்தார்கள். 1960இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. மரத்தை வெட்டியவரே மரத்துக்கு உடையவராகலாம் என்பதற்கு மலேசியத் தமிழர் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று குறைவு. ஆனால் விற்பனையின் வேகம் சங்கத்தின் வேகத்தை முந்தியது. 1970களிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் நகரத்தின் ஓரங்களுக்குப் போனார்கள். லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியேறினார்கள். பூங்கா, தோட்டம், வேறு கரையிலிருந்து ஆள் என்ற அந்தப் பழைய ஏற்பாடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் வரும் கரை மட்டும் மாறியிருக்கிறது.

பெயர்ப்பலகை

2015 ஜூலையில் சிங்கப்பூர் தாவரப் பூங்கா யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. பாதுவாவுக்கும் கியூவுக்கும் பிறகு அந்தப் பட்டியலில் ஏறிய மூன்றாவது தாவரப் பூங்கா அது. அந்தத் தகுதிக்குக் கொடுத்த காரணங்களில் ஒன்று, தென்கிழக்காசியாவில் தோட்ட ரப்பர் பரவ அந்தப் பூங்கா ஆற்றிய பணி. அழகுக்காக மட்டும் அதற்கு இந்த இடம் கிடைக்கவில்லை. நம் காட்டுக்காகவும் சேர்த்தே கிடைத்தது.

பழைய பொருளாதாரத் தோட்டத்தின் நிலத்தில் ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது. ரிட்லி உளி வைத்துப் பார்த்த மரங்கள் இப்போது இல்லை. ரிட்லி 1911இல் ஓய்வு பெற்றார். நூறு வயதைத் தாண்டி, மலாயா விடுதலை பெறுவதற்கு முந்தைய ஆண்டு 1956இல் இறந்தார். பூங்கா காலை ஐந்து மணிக்குத் திறக்கிறது. நள்ளிரவு வரை எவரும் போகலாம், ஆர்க்கிட் பகுதி தவிர வேறெங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஐந்து மணி என்பது பெரட்டு நேரம். அந்த நேரத்தில் அங்கே ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களும் உடல்நலம் தேடி வருகிறவர்கள். எந்தக் கங்காணியும் அவர்களை எண்ணுவதில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நகரம் தன் மக்களுக்குக் கொடுக்கக்கூடிய நல்லவற்றுள் இத்தகைய பூங்கா ஒன்று. பொதுமக்கள் என்ற சொல்லில் யார் யார் அடங்குவார்கள் என்பதுதான் கேள்வி. பூங்காவின் எல்லையைச் சுவரோடு நிறுத்தாமல் அது அனுப்பிய விதை போய் விழுந்த இடம்வரை நீட்டினால், யோங் பெங் அதன் வெளிப்பாத்தி. இங்கே வெட்டிய ஒவ்வொருவரும் அந்தப் பூங்காவின் பணியாட்கள்.

பூங்காவிடமிருந்தே நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வேலையும் இருக்கிறது. சிங்கப்பூர் பூங்காவின் உலர்தாவரச் சேகரத்தில் ஏறத்தாழ ஏழரை லட்சம் மாதிரிகள் உள்ளன. ஒவ்வொரு தாளிலும் காய்ந்த இலையோடு மூன்று விவரங்கள்: யார் பறித்தது, எந்த நாள், எந்த இடம். இந்த மூன்றும் இல்லாத இலை வெறும் சருகு. அதை வைத்து யாரும் எதையும் நிறுவ முடியாது. தோட்டங்களும் இதே விவரங்களை எழுதி வைத்தன. கிராணியின் வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் இருந்தது, நாள் இருந்தது, எந்த நிரை என்பதும் இருந்தது. தோட்டம் கைமாறியபோது அந்தப் புத்தகங்கள் கறையானுக்கும் அடுப்புக்கும் போயின. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் திருவிழா அழைப்பிதழ், கல்லறைக் கல், பாஸ்போர்ட் வைத்திருந்த தகரப்பெட்டி என்று அங்கங்கே சிதறிக் கிடப்பவைதான் இன்று மிச்சம். இவற்றைத் திரட்டுவதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை; ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நோட்டுப்புத்தகம் போதும். ஓர் இலைக்கு எழுதியதை ஒரு மனிதருக்கும் எழுதிவிடலாம்: பெயர், நாள், நிரை.